கையில் ஒட்டாத தண்ணீர்

மதினி,

நேற்று மத்தியானம் நம் தையல் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற குழாயடியில் கை கழுவப் போனேன். தண்ணீர் கையில் ஒட்டவே இல்லை. புறங்கையில் விழுந்தது விழுந்தபடியே உருண்டு, முத்து முத்தாக முழங்கை வழியாக ஓடித் தரையில் சொட்டியது. அவ்வளவு தண்ணீர் விட்டும் கை காய்ந்துபோய், வெளுத்துத்தான் இருந்தது. காலையிலிருந்து மாவுப் போர்வை வெட்டிக்கொண்டிருந்தேன். கையுறையில் எங்கேயோ கிழிசல் இருந்திருக்கிறது, கவனிக்கவில்லை.

நீங்கள் இருந்தால் தேங்காயெண்ணெய்ப் புட்டியோடு பக்கத்தில் வந்து நின்றிருப்பீர்கள். "மொதல்ல எண்ணெயத் தடவு, அப்புறம் சோப்பு போடு ஏளா. எத்தன தடவ சொல்லுதேன்! உன் மண்டையிலயும் இந்த மாவுதான் படிஞ்சு கெடக்கு போல, ஒண்ணும் ஒட்ட மாட்டேங்கு" என்று ஏசியிருப்பீர்கள்.

எண்ணெயும் தடவவில்லை, சோப்பும் போடவில்லை. புடவையில் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உங்கள் மகள் கோமதிக்கு முந்தாநாள் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, மதினி. இந்த மடலை அந்தச் செய்தியோடுதான் தொடங்கியிருக்க வேண்டும். என்ன செய்ய, உங்களிடம் பேசலாம் என்று உட்கார்ந்தாலே எனக்கு முதலில் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். பிள்ளைக்கு உங்கள் நெற்றி, மேட்டு நெற்றி.

மாவுப் போர்வை என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். அதற்கு முன்பு நாம் இரண்டு பேரும் நைட்டிதான் தைத்துக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் போன பிறகு ஒரு துணிப்பையோடு நான் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அண்ணன் தறிக்குப் போயிருந்தான். வாசலில் நின்றவளை உள்ளே கூட்டிப் போய், சோறு போட்டு, மறுநாளே உங்கள் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு மிஷினைப் போட்டுவிட்டீர்கள். யாரோ தெருவில் கேட்டதற்கு, "ஒரு வாய் கூடுனா என்ன, ரெண்டு கை கூடுதுல்லா" என்றீர்கள். அந்த இரண்டு கைகளைப் பற்றித்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஷெட் முதலாளி அண்ணாச்சியின் தங்கை மகன் சென்னையில் பாய்லர் வேலை எடுக்கிறவர். அவர் ஒரு நாள் காரில் வெள்ளைச் சுருள் ஒன்றைக் கொண்டு வந்து ஷெட்டில் இறக்கினார். நீராவிக் குழாய்களுக்கும் வால்வுகளுக்கும் சூடு வெளியே போகாமல் மேலே மாட்டுகிற ஜாக்கெட் தைக்க வேண்டும் என்றார். உங்களுக்கு அடக்க முடியவில்லை. "வால்வுக்கு ஜாக்கெட்டா? கழுத்து எறக்கம் எவ்வளவு வைக்கணும் தம்பி? கைக்குப் பட்டி உண்டா?" என்று கேட்டீர்கள். ஷெட்டே சிரித்தது. பாவம், அவர் அதையும் நிஜக் கேள்வி என்று நினைத்து, "பெல்ட் மட்டும் போதும் அக்கா" என்றார்.

அந்தச் சுருளைத் தொட்டால் கையெல்லாம் வெள்ளைத் தூள், தண்ணீரை ஒட்டவிடாத தூள். ஏரோஜெல் என்றார். இதில் முக்கால்வாசிக்கும் மேல் வெறும் காற்றுதான், கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடி ஓட்டைகளுக்குள் காற்று மாட்டிக்கொண்டு அசைய முடியாமல் நிற்கிறது, காற்று அசையாவிட்டால் சூடும் அவ்வளவு லேசில் கடந்து போக முடியாது என்று விளக்கினார். தனியாக விட்டால் அப்பளம்போல நொறுங்கிவிடுமாம். அதனால்தான் நார் சேர்த்துப் போர்வையாகச் செய்திருக்கிறார்களாம். நீங்கள் அவர் பேச்சை முழுசாக நம்பவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு, உள்ளங்கையை வைத்துப் பார்த்தீர்கள். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "சுடல ஏட்டி! சவம், மாவு கொட்டுனாலும் வேலை செய்யுது" என்றீர்கள். அன்று முதல் அது மாவுப் போர்வை.

அதற்கப்புறம் ஷெட்டில் எல்லாமே உங்கள் கையில்தான் இருந்தது. போர்வையை அளவுக்கு வெட்டி, கண்ணாடி நார்த் துணிக்குள் வைத்து, நான்கு பக்கமும் தூள் கசியாமல் மூடித் தைக்க வேண்டும். எனக்குத் தையல் நேராக வரும். வெட்டுவதற்கு உங்கள் கண் வேண்டும். நீங்கள் நின்றுகொண்டேதான் வெட்டுவீர்கள். ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டால் அதன்மேல் அடுத்த சுருளைத் தூக்கி வைப்பீர்கள். வீட்டிலும் அப்படித்தான். அண்ணன், கோமதி, நான் என்று எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்பு மேடையில் தட்டை வைத்து நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வீர்கள். ஒரு நாளாவது நீங்கள் சம்மணம் போட்டுச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வரும். "உக்காந்தா தொடை தேஞ்சா போயிரும்?" என்று கத்துவேன். "செத்தபெறகு படுக்கத்தான போறேன்" என்பீர்கள்.

பெரும்பாடு, மாதாமாதம் ரத்தம் நிற்காமல் போகிறது என்று நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் வெட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. முகம் அந்தப் போர்வைபோல வெளுத்துக் கிடந்தது. கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிடுவதுதான் நல்லது என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அண்ணன் பயந்தான். கோமதி அழுதாள். நான் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், மதினி. இதை வேறு யாரிடம் சொல்ல முடியும்? உங்களை ஒரு மாதமாவது படுக்கப் போடலாம், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டலாம், இத்தனை வருடம் தின்ற சோற்றுக்குக் கொஞ்சமாவது செய்யலாம் என்று கணக்குப் போட்டேன். "ஆஸ்பத்திரியில நான்தான் நிப்பேன், வேற யாரும் வரக் கூடாது" என்று அண்ணனிடம் சண்டை போட்டு அந்த இடத்தைப் பிடித்தேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துத்தான் ஆபரேஷன் செய்தார்கள். வெளியே கொண்டுவந்தபோது உங்கள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பல்லெல்லாம் அடித்துக்கொண்டது. "குளுருது ஏளா, குளுருது" என்றீர்கள். நான் பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன். அந்த ஊசிக்கு அப்படி நடுங்குவது உண்டு, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று சொல்லிக் கம்பளி கொண்டுவந்து போர்த்தினார்கள். நான் அதன்மேல் என் சேலையையும் மடித்துப் போர்த்திவிட்டேன். நடுங்குகிற உதட்டோடு நீங்கள், "நம்ம மாவுப் போர்வைய ஒரு முழம் கொண்டாந்திருக்கலாம்லா" என்றீர்களே, நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அன்றைக்கு அந்த நர்ஸ் இரண்டு விஷயம் சொன்னாள். "முதுகுல ஊசி போட்டிருக்கு, இன்னைக்குத் தலையத் தூக்காம படுத்திருக்கட்டும். நாங்க சொல்லுத வரைக்கும் தண்ணி கொடுக்காதீங்க." இரண்டையும் நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். அது அந்த ஒரு நாளுக்கான பேச்சு என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் வேறு நர்ஸ் வந்தாள், சின்னப் பெண். "அம்மா, மெதுவா எந்திரிச்சு நடங்க. தண்ணியும் நல்லா குடிங்க" என்றாள். நான் சரி சரி என்று தலையாட்டினேன். அவள் அந்தப் பக்கம் போனதும், "இவளுக்கு என்ன தெரியும், இன்னும் மூக்கொழுகக்கூட நிக்கல" என்றேன். நம் தெருவில் பிள்ளை பெற்றவர்களுக்கும் வயிற்றைக் கீறியவர்களுக்கும் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? பச்சை உடம்பு. அசைந்தால் தையல் விட்டுப்போகும், தண்ணீர் குடித்தால் புண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். அம்மா சொன்னது, சித்தி சொன்னது, எதிர்வீட்டுக்காரி சொன்னது எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு சின்னப் பெண் வந்து அதை மாற்றிவிட முடியுமா?

நீங்கள் கேட்டீர்கள். "ஏளா, அந்தப் புள்ள நடக்கச் சொல்லுதால்லா. ஒரு எட்டு நடந்து பாக்கேனே. முதுகெல்லாம் கட்டையாப் போச்சு."

"ஒண்ணும் வேண்டாம். சும்மா கெடங்க. வாழ்க்கை பூராவும் நின்னது போதாதா?" என்றேன்.

"தண்ணியாவது தாயேன்."

நான் துணியை நனைத்து உங்கள் உதட்டில் ஒற்றினேன். ரொம்பக் கேட்டால் இரண்டு கரண்டி.

சாயங்காலம் அந்தப் பெண் திரும்ப வந்து, "நடந்தாங்களா அக்கா?" என்று கேட்டாள். "நடந்தாங்க சிஸ்டர். வாசல் வரைக்கும் போயிட்டு வந்தாங்க" என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னேன். அவள் திரும்பியதும் நீங்கள் என்னைப் பார்த்து, "பொய்க்காரி" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் ஒரு செல்லம் இருந்தது, மதினி. யாரோ ஒருத்தி தனக்காக அடம்பிடிக்கிறாள் என்கிற சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் நீங்கள் எனக்கு அடங்கிப்போனீர்கள். உங்களுக்கு நடக்கத் தெம்பு இருந்தது, மனசும் இருந்தது. என் மனசு நோகக் கூடாது என்று படுத்திருந்தீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே அதிகாரம்தான். ஃபேனை நிறுத்தினேன், ஜன்னலை மூடினேன். உங்களைக் கட்டிலைவிட்டு இறங்கவிடாமல் எல்லாவற்றையும் படுக்கையிலேயே செய்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் வாய்விட்டுப் புகழ்ந்தார்கள். "பெத்த தாயி கூட இப்பிடிப் பாக்க மாட்டா" என்றாள் எதிர்வீட்டுக்காரி. எனக்கு அது தேவைப்பட்டது. பிறந்த வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டவள் என்று யாரும் சொல்லாமலேயே எனக்குள் ஒரு முள் இருந்தது. அந்தப் புகழ்ச்சியைக் கேட்கக் கேட்க அது கழன்று விழுந்தது. நீங்கள் தண்ணீர் கேட்டபோதெல்லாம் நான் அந்தப் பேச்சைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள், "இடது கெண்டக்கால் இழுத்துப் பிடிக்கி ஏளா" என்றீர்கள். தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் வீங்கி, கதகதப்பாக இருந்தது. படுத்தே கிடப்பதால் நரம்பு பிடித்திருக்கும் என்று நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்து வந்தேன். உங்கள் காலை என் மடியில் வைத்து, நன்றாக அழுத்தி, மேல்நோக்கி உருவி உருவி விட்டேன். உங்களுக்கு வலித்தது. "மெதுவா ஏளா" என்றீர்கள். "வலிச்சாத்தான் பிடிப்பு விடும்" என்று இன்னும் அழுத்தினேன்.

அதற்கு மறுநாள் காலையில் நான் காபி போட உள்ளே போயிருந்தேன். என்னிடம் கேட்டால் விடமாட்டேன் என்று நீங்களே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறீர்கள். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது கதவோரம் உட்கார்ந்த நிலையில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தீர்கள். "நெஞ்சு... நெஞ்சு..." என்றீர்கள். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துதான் வந்தீர்கள். தேரடியைத் தாண்டும்போது என் கையைப் பிடித்திருந்த பிடி விட்டுப்போயிற்று.

இங்கே நம் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் காலைப் பார்த்தார், ஆபரேஷன் சீட்டைப் பார்த்தார். காலில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கும் போலிருக்கிறது என்றார். பிறகு, "ஆபரேஷனுக்கு அப்புறம் நல்லா நடந்துக்கிட்டுதான இருந்தாங்க?" என்று கேட்டார்.

அண்ணன் அழுதுகொண்டே பெருமையாகச் சொன்னான்: "இல்ல டாக்டர், எந்தங்கச்சி கட்டிலவிட்டு எறங்கவே விடல. பூப் போல வச்சுப் பாத்துக்கிட்டா."

டாக்டர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "நடந்தவங்களுக்கும் சில சமயம் இப்படி வந்துருதும்மா. யாரையும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நல்ல மனுஷன். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் அவர் பேசாமல் இருந்தாரே, அதை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை நாளும் குடித்தனம் நடத்துகிறேன்.

நீங்கள் போய் மூன்றாவது ஆடி வரப்போகிறது. இந்த ஊரில் யாரும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பேன். அண்ணன் இன்றைக்கும், கல்யாண வீட்டில், டீக்கடையில், யாரைப் பார்த்தாலும் "எந்தங்கச்சி பூப் போல வச்சிருந்தா, விதி" என்கிறான். அவனை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் உங்களைப் பற்றிப் பேசுகிற ஒரே நல்ல கதை அதுதான். அதைப் பிடுங்கிவிட்டால் அவனிடம் என்ன மிஞ்சும்?

போன மாதம் ஷெட்டுக்குப் புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். சென்னைக்காரர் அவர்களுக்குப் பழைய பாடத்தை நடத்தினார். "காத்து நகராம அடங்கி நிக்கணும். அதுதான் இந்தப் போர்வையோட சூட்சுமம்." நான் பாதித் தையலில் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். நகராமல் வைத்துக் காப்பாற்றுகிற வேலையைத்தான் வருடக்கணக்காகச் செய்கிறோம், மதினி. கொதிக்கிற குழாய்க்கு அது சரி. உங்கள் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய ரத்தத்தையும் நான் அப்படியே மூடித் தைத்துவிட்டேன். வேலை தெரிந்த கை என்று எனக்கு இருந்த திமிர் அன்றோடு போயிற்று.

கோமதி விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கும் அதே முதுகு ஊசிதான். வெளியே வந்தபோது அவளும் கொஞ்சம் நடுங்கினாள். நேற்றுக் காலை நர்ஸ் வந்து, இன்றைக்கு நடக்க வையுங்கள் என்று சொல்லிப் போனாள். வேலை அவசரம் என்று அண்ணாச்சி ஆள் அனுப்பியதால் நான் அரை நாள் ஷெட்டுக்குப் போனேன். பொய் சொல்லக் கூடாது. நடக்க வைக்கிற நேரத்தில் அங்கே நிற்கப் பயந்துதான் போனேன். அவள் மாமியார், புளியங்குடிச் சம்பந்தியம்மா, பக்கத்தில் இருக்கிறாரே, பார்த்துக்கொள்வார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

மத்தியானம் அந்த ஈரமில்லாத கையோடு போய்ப் பார்த்தால் கோமதி காலையில் கிடந்த மாதிரியே கிடக்கிறாள். ஃபேன் ஓடவில்லை. காலையில் வைத்த தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் இருக்கிறது. சம்பந்தியம்மா சிரித்த முகத்தோடு சொன்னார்: "நர்ஸ் வந்து கேட்டா சம்பந்தி. நடந்துட்டான்னு சொல்லிட்டேன். பச்ச உடம்பு, இவளுவளுக்கு என்ன தெரியும்?"

அது என் வாயிலிருந்து வந்த வார்த்தை. அந்தப் பெருமையும் என்னுடையதுதான். அவரை ஏச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் ஏசிவிட்டேன். "எந்திரிட்டி கோமதி" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "தையல் விட்டுப்போனா யாரு பொறுப்பு?" என்று சம்பந்தியம்மா எழுந்துவிட்டார்.

"நான்தான் பொறுப்பு. அவ அம்மா எப்பிடிப் போனான்னு தெரியும்லா உங்களுக்கு? இப்பிடிக் கெடந்துதான் போனா. நான்தான் கெடத்துனேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். கோமதி பக்கவாட்டில் திரும்பி, என் தோளைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

வராந்தாவில் மெதுவாக நடந்தோம். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கை என் கைக்குள். ஜன்னல் பக்கம் போய் நின்று மூச்சு வாங்கினாள். நான் அவள் கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வலிக்கா? இழுக்கா? வீக்கம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அத்த," என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. "அன்னைக்கு ஒரு நாள் மத்தியானம் நீங்க ஆர்டர் முடிக்கணும்னு ஷெட்டுக்குப் போனீங்கள்ல. நான்தான் அம்மாகூட இருந்தேன். அம்மா தண்ணி கேட்டா. அத்த ஏசும்னு நான் கொடுக்கல. பெறகு, வாசல் வரைக்கும் போயிட்டு வாரேன்னு சொல்லிக் காலக் கீழ போட்டா. நான்தான் ரெண்டு காலையும் தூக்கித் திரும்ப மேல வச்சேன்."

மதினி, இத்தனை நாளாக அந்த வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். அவளுக்குக் கல்யாணம் பேசி, சேலை எடுத்து, பந்தி பரிமாறி அனுப்பி வைத்தேன். அவள் மனசில் இப்படி ஒன்று கிடப்பதை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. என் குற்றத்தை நானே வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்ததில் பிள்ளை முகத்தை நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது. உங்களுக்குச் செய்ததைவிட இது எனக்குப் பெரிதாகப் பட்டது. உங்களுக்கு விவரம் தெரியாமல் செய்தேன். இவளைப் பார்க்காமலே இருந்தேன்.

"உம்மேல ஒரு தப்பும் இல்லட்டி. நான் சொன்னதத்தான நீ செஞ்ச? சின்னப் புள்ள, உனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. உங்கள் கண்தான் அது, அளவெடுக்கிற கண். "இதத்தான எல்லாரும் உங்களுக்கும் சொல்லுதாங்க அத்த? உங்களுக்கு ஆறிப்போச்சா?"

என் வார்த்தை அவள்மேல் விழுந்து உருண்டு ஓடிவிட்டது. அந்த டாக்டரும் அண்ணனும் எதிர்வீட்டுக்காரியும் என்மேல் எத்தனை செம்பு ஊற்றியும் ஒட்டாதது, நான் ஊற்றினால் மட்டும் அவள்மேல் ஒட்டிவிடுமா?

"ஆறலட்டி" என்றேன். "ஆறும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே நீ ஒத்தையில வச்சிக்கிட்டு இருக்க வேண்டாம்."

அவள் தலையாட்டினாள். அவள் நெற்றி என் தோளில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு திரும்பி நடந்தோம்.

கட்டிலில் உட்கார வைத்து, பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்தாள். "இன்னும்" என்றாள். ஊற்றினேன். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உங்களுக்குக் கொடுக்காத தண்ணீர் அது, மதினி. எத்தனை டம்ளர் இவளுக்கு ஊற்றினாலும் அது உங்களுக்கு வந்து சேராது என்று எனக்குத் தெரியும். பாட்டிலைச் சாய்த்ததில் என் கையில் சிந்தியது மறுபடியும் உருண்டு தரையில் விழுந்தது. சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் ஃபேனைப் போட்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோப்பு போட்டேன். தூள் போய்விட்டது. உங்கள் காலை அழுத்திய ஞாபகம் மட்டும் விரலில் அப்படியே இருக்கிறது. அது என்னோடுதான் இருக்கும், இருக்கட்டும். அதனால்தான் அவள் காலை இன்னும் பத்துத் தடவை தொட்டுப் பார்ப்பேன். அவள் என்னை எரிச்சலோடு பார்த்தாலும் பார்ப்பேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அவள் தண்ணீர் குடித்து முடித்ததும், களைத்திருப்பாளே என்று, பழைய பழக்கத்தில் குனிந்து அவள் இரண்டு காலையும் தூக்கிக் கட்டிலில் வைக்கப் போனேன். கை வைத்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அப்படியே குனிந்தபடி நின்றுவிட்டேன்.

கோமதி என் தலையைத் தொட்டாள். "வேண்டாம் அத்த" என்றாள். "இன்னொரு நட போயிட்டு வருவோம், வாங்க."

போனோம்.